பைத்தானைக் காதால் படிக்க முடியுமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 21. பிறவியிலேயே பார்வை கிடையாது. கணினியில், திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏ திரைவாசிப்பான் துணையோடு படிக்கிறேன், எழுதுகிறேன், மின்னஞ்சல் அனுப்புகிறேன். நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. நண்பன் ஒருவன் "பைத்தான்தான் எளிது" என்கிறான். இன்னொருவர், "பைத்தானில் இடம் விட்டு எழுதுவதுதான் இலக்கணமே. கண் தெரியாதவருக்கு அது ஒத்துவராது, ஜாவா படி" என்கிறார். ஒரு பயிற்சி வகுப்பில் விசாரித்தபோது, "மவுஸால் இழுத்துப் போடும் பாடத்தை உங்களால் செய்ய முடியாதே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பார்வையற்றவருக்கு ஏற்ற நிரல்மொழி எது? ஒரே ஒரு பெயர் சொன்னால் போதும்.

பதில்:

அன்புள்ள தம்பி,

பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பைத்தான். பொறுமையில்லாவிட்டால் இங்கேயே நிறுத்திவிட்டு எழுத உட்காரலாம். ஆனால் உங்கள் கேள்வியைவிட, அதைச் சுற்றி மற்றவர்கள் பேசியிருக்கும் பேச்சுதான் என் மனத்தை உறுத்துகிறது. அதற்கு மறுமொழி சொல்லாமல் பெயரை மட்டும் கொடுத்தால், அடுத்த வாரம் யாராவது வேறொன்று சொல்வார்கள், நீங்கள் மறுபடியும் குழம்பி நிற்பீர்கள்.

நானும் பார்வையற்றவள்தான். 16 ஆண்டுகளாக நிரல் எழுதித்தான் பிழைக்கிறேன். இந்த ஆண்டுகளில் ஜாவா, சி ஷார்ப், பைத்தான், எஸ்க்யூஎல் என்று வேலை எதைக் கேட்டதோ அதை எழுதியிருக்கிறேன். இவற்றில் எந்த மொழியும் "உனக்குக் கண் இல்லை, வெளியே போ" என்று என்னைத் தள்ளியதில்லை. நிரல்மொழி என்பது எழுத்துதானே. எழுத்து எதுவானாலும் திரைவாசிப்பான் படித்துவிடும். என்னைத் தள்ளியவை மொழியை ஒட்டி வரும் கருவிகள்: பெயரே இல்லாத பொத்தான்கள், வாய் திறக்காத சாளரங்கள், மவுஸ் இல்லாமல் நகராத பலகைகள். ஆகவே யாராவது ஒரு மொழியை "ஏற்றது", "ஏற்காதது" என்று சொன்னால், எந்த எடிட்டரில் (நிரலை எழுதும் மென்பொருளில்), எந்தத் திரைவாசிப்பானோடு, என்ன செய்வதற்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

இருந்தாலும் மொழிக்கு மொழி காதில் விழும் விதம் மாறத்தான் செய்கிறது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் சுழற்சி ஒன்றின் முதல் வரியை ஜாவாவில் எழுதி, குறியீடுகள் எல்லாவற்றையும் படிக்கும்படி என்விடிஏவை வைத்தால், ஏறக்குறைய இப்படிக் கேட்கும்: "ஃபார் லெஃப்ட் பேரன் இன்ட் ஐ ஈக்வல்ஸ் 0 செமி ஐ லெஸ் என் செமி ஐ பிளஸ் பிளஸ் ரைட் பேரன் லெஃப்ட் பிரேஸ்." பேரன், பிரேஸ் என்பவை அடைப்புக்குறிகளின் ஆங்கிலப் பெயர்கள். அதே வேலையைப் பைத்தானில் எழுதினால்: "ஃபார் ஐ இன் ரேஞ்ச் லெஃப்ட் பேரன் என் ரைட் பேரன் கோலன்." இரண்டாவது ஒரு மூச்சில் முடிந்துவிடுகிறது, பேச்சுக்கும் பக்கத்தில் இருக்கிறது. நாள் முழுக்க இப்படிச் சில ஆயிரம் வரிகளைக் கேட்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. மாலையில் காது களைத்துப்போவதும் களைக்காமல் இருப்பதும் இதைப் பொறுத்தது.

இனி அந்த உள்தள்ளல், அதாவது வரிக்கு முன்னால் இடம் விட்டு எழுதுவது. ஜாவா படிக்கச் சொன்னவர் பொய் சொல்லவில்லை. பைத்தானில் ஒரு வரி எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்பதை அதற்கு முன்னால் விடும் இடைவெளிதான் தீர்மானிக்கிறது. தொகுதியைக் காட்ட அடைப்புக்குறி கிடையாது. பார்வையுள்ளவர் இடைவெளியைக் கண்ணால் பார்க்கிறார். நமக்கு, கேட்டு வாங்கினால்தான் அது கிடைக்கும்.

நான் பைத்தான் தொடங்கிய புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். ஐந்து எண்களைக் கூட்டித் தரும் ஒரு சின்ன ஃபங்ஷன், அதாவது ஒரு வேலைக்கென்று பெயர் வைத்த நிரல்துண்டு. 10, 20, 30, 40, 50 என்று கொடுத்தேன். 150 வர வேண்டும். 10 என்றது. வரி வரியாகக் கேட்டேன். "டோட்டல் ஈக்வல்ஸ் 0." சரி. "ஃபார் நம்பர் இன் நம்பர்ஸ்." சரி. "டோட்டல் பிளஸ் ஈக்வல்ஸ் நம்பர்." சரி. "ரிட்டர்ன் டோட்டல்." அதுவும் சரி. ஒரு சொல்கூடப் பிசகவில்லை, விடை மட்டும் தவறு. இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில்தான் உறைத்தது. கடைசி வரி சுழற்சிக்கு வெளியே நிற்க வேண்டும், நான் உள்ளே நிறுத்தியிருந்தேன். முதல் எண்ணைக் கூட்டிய கையோடு ஃபங்ஷன் விடையைத் தந்துவிட்டுக் கிளம்பிவிட்டது. சொற்களை எல்லாம் கேட்ட நான், அவை நிற்கும் இடத்தைக் கேட்கவில்லை.

இதற்கான மருந்து உங்கள் கணினியிலேயே இருக்கிறது. என்விடிஏ விசையோடு கண்ட்ரோலையும் 'டி' எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். ஆவண வடிவமைப்புப் பக்கம் திறக்கும். அதில் வரியின் உள்தள்ளலை அறிவிப்பதற்கான தேர்வு ஒன்று உண்டு. பேச்சாகச் சொல்ல வேண்டுமா, ஒலியாகவா, இரண்டுமாகவா என்று கேட்கும். பேச்சு என்றால் "4 ஸ்பேஸ்", "8 ஸ்பேஸ்" என்று எண்ணிச் சொல்லும். ஒலி என்றால் வரி உள்ளே போகப் போகச் சுருதி ஏறும், வெளியே வந்தால் இறங்கும். முதல் வாரம் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பேச்சை நிறுத்திவிடலாம், காது பழகிவிடும். ஜாஸ் திரைவாசிப்பானிலும் உள்தள்ளலைச் சொல்லவைக்கும் வசதி உண்டு.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். முந்தைய வரியைவிட உள்தள்ளல் மாறினால்தான் என்விடிஏ ஒலி கொடுக்கும், மாறாவிட்டால் சும்மா இருக்கும். என்னை இரவெல்லாம் உட்காரவைத்த அந்த நிரலை இன்று கேட்டால், "ரிட்டர்ன்" வரிக்கு முன்னால் சுருதி இறங்க வேண்டிய இடத்தில் ஒலியே வராது. அந்த மௌனம்தான் பிழை. வர வேண்டிய ஒலி வரவில்லை என்பதைக் காது பிடித்துக்கொள்ளும் நாளில் உங்களுக்குப் பைத்தான் வசப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடைப்புக்குறி மொழிகளில் இந்தத் தொல்லை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஜாவாவில் ஒரு கோப்பின் கடைசிக்குப் போனால் "ரைட் பிரேஸ், ரைட் பிரேஸ், ரைட் பிரேஸ்" என்று வரிசையாகக் கேட்கும். எது எதை மூடுகிறது? ஒவ்வொன்றிலும் நின்று, ஜோடி அடைப்புக்குறிக்குத் தாவிப் போய்ப் பார்த்துவர வேண்டும். என்னைக் கேட்டால், ஒரு சுருதியைக் கேட்பது இதைவிட லேசு. திரையில் உள்ள எழுத்தை விரலுக்குப் புள்ளிகளாகத் தரும் பிரெய்ல் காட்டுபலகை கைக்குக் கிடைக்குமானால் இரண்டு சிரமமும் பாதியாகும், வரியின் முன்னால் விட்டிருக்கும் வெற்றிடத்தை விரலே தொட்டுச் சொல்லிவிடும். நிரல் படிக்கும்போது பிரெய்ல் சுருக்கெழுத்தை நிறுத்திவிட்டு 8 புள்ளிக் கணினி பிரெய்லுக்கு மாறிக்கொள்ளுங்கள். சுருக்கெழுத்தில் நிரலைப் படிக்க முயன்றால் குறியீடு எது, எழுத்து எது என்றே தெரியாது.

பைத்தான் பார்வையற்றவருக்கு ஒத்துவராது என்று இனி யாராவது சொன்னால், அவரிடம் ஒரு செய்தியைச் சொல்லுங்கள். உங்கள் கணினியில் பேசிக்கொண்டிருக்கும் என்விடிஏ பெரும்பாலும் பைத்தானில் எழுதப்பட்டது. ஆழத்தில் சில பகுதிகள் மட்டும் சி பிளஸ் பிளஸ். 2006இல் அதைத் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன். பிறகு ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவரும் பார்வையற்றவர்கள். அதன் மூலநிரல் இன்றும் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. என்விடிஏவுக்கான துணைநிரல்களும் பைத்தானில்தான் எழுதப்படுகின்றன. ஓராண்டு பழகிவிட்டால், உங்கள் திரைவாசிப்பானில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றை நீங்களே திருத்திக்கொள்ளலாம். முதல் மொழியாகப் பைத்தானைச் சொல்வதற்கு என்னிடம் இருக்கும் காரணங்களில் இதுவே பெரிது.

இன்னும் முன்னால் போனால் டி.வி.ராமன் இருக்கிறார். சிறுவயதிலேயே பார்வையை இழந்தவர், கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். ஈமாக்ஸ் எடிட்டரைப் பேசவைக்கும் ஈமாக்ஸ்பீக்கை உருவாக்கி 1995இல் வெளியிட்டார். திரையில் இருப்பதை மேலிருந்து கீழாக ஒப்பிக்காமல், நிரலின் பொருளை அறிந்து பேசும்படி அதைச் செய்தார். குறிப்புரைக்கு ஒரு குரல், மொழியின் சிறப்புச் சொற்களுக்கு இன்னொரு குரல். பார்வையுள்ளவர் எடிட்டரில் வண்ணத்தால் பிரித்தறிவதை அவர் குரலால் பிரித்தார். லினக்ஸ் பக்கம் போகும் நாளில் அதைக் கேட்டுப்பாருங்கள்.

இப்போதைக்கு விஷுவல் ஸ்டுடியோ கோடு என்ற எடிட்டரை வைத்துக்கொள்ளுங்கள். "விஷுவல்" என்ற சொல்லைக் கண்டு பயப்பட வேண்டாம், இன்று எனக்குத் தெரிந்த எடிட்டர்களில் நம்மோடு அதிகம் பேசுவது அதுதான். திரைவாசிப்பான் ஓடுவதைத் தானே கண்டுகொள்ளும். ஆல்ட்டும் எஃப்1உம் அழுத்தினால், நீங்கள் நிற்கும் இடத்தில் விசைப்பலகையால் என்னென்ன செய்யலாம் என்று சொல்லும். எஃப்8 அடுத்த பிழைக்குக் கொண்டுபோகும். பிழையுள்ள வரிக்கு வந்தால் ஓர் ஒலி, நிரலை நடுவில் நிற்கவைக்கும் நிறுத்தப்புள்ளி வைத்த வரிக்கு வேறோர் ஒலி என்று பழக்கிவிடலாம்.

பார்வையுள்ள நண்பர் ஒருவர் கோப்பைத் திறந்ததும் ஒரே பார்வையில் அதன் அமைப்பைப் பிடித்துக்கொள்வார். நாமோ சாவித்துவாரம் வழியாக அறையைப் பார்ப்பதுபோல் ஒரு நேரத்தில் ஒரு வரிதான் கேட்கிறோம். இந்த வேறுபாடு உண்மையானது, அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனால் கண்ட்ரோல், ஷிஃப்ட், 'ஓ' மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அந்தக் கோப்பிலுள்ள ஃபங்ஷன்களின் பெயர்ப் பட்டியல் வரும். அதை மேலும் கீழும் இரண்டு முறை கேட்டால் அறையின் வரைபடம் மனத்தில் விழுந்துவிடும். பிறகு வேண்டிய இடத்துக்கு நேரே தாவலாம். இதனால்தான் ஃபங்ஷன்களைச் சிறிதாக எழுதி, அவற்றுக்கு நல்ல பெயர் வைக்கச் சொல்கிறேன். நம் நிரலுக்குப் பெயர்தான் மேற்பார்வை.

பெயர் என்றதும் இன்னொன்று. எழுத்தில் வேறாகவும் ஒலியில் ஒன்றாகவும் இருக்கும் பெயர்களைத் தவிருங்கள். வலது என்ற பொருளில் வரும் "ரைட்", எழுது என்ற பொருளில் வரும் "ரைட்" இரண்டையும் ஒரே கோப்பில் வைத்துவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எழுத்தெழுத்தாகக் கேட்டால்தான் வேறுபாடு தெரியும். "டோட்டல்", "டோட்டல்ஸ்" என்ற இரண்டும் அப்படித்தான், வேகமாகக் கேட்கும்போது கடைசி எழுத்து காற்றில் போய்விடும். குறியீடுகளை எவ்வளவு படிக்க வேண்டும் என்பதையும் நீங்களே வைத்துக்கொள்ளலாம். என்விடிஏ விசையோடு 'பி' அழுத்த அழுத்த அது மாறும். நிரலுக்கு எல்லாக் குறியீடும், ஆங்கிலக் குரலும். கட்டுரைக்குக் குறைந்த குறியீடும், தமிழ்க் குரலும். ஒவ்வொரு முறையும் கையால் மாற்ற வேண்டாம். எடிட்டருக்கென்று ஓர் அமைப்புத் தொகுப்பை உருவாக்கி வைத்தால், எடிட்டருக்குள் நுழைந்ததும் தானே மாறிக்கொள்ளும்.

பைத்தான் பிழைச்செய்தி நீளமாக வரும்போது மேலிருந்து கேட்கத் தொடங்காதீர்கள். கடைசி வரியில்தான் என்ன பிழை என்பது இருக்கும். அதற்குச் சற்று மேலே எந்த வரி என்ற எண் இருக்கும். பிழை இருக்கும் இடத்தைக் காட்டப் புதிய பதிப்புகள் வரிசையாகக் "கேரட்" குறிகள் போடுகின்றன. அவை கண்ணுக்கானவை, தாண்டிப் போய்விடுங்கள். எண்ணைப் பிடித்துக்கொண்டு, கண்ட்ரோலும் 'ஜி'யும் அழுத்தி அந்த எண்ணைக் கொடுத்தால் நேரே வரியில் போய் நிற்பீர்கள்.

கருவிகள்தான் வழிமறிக்கின்றன என்றேன் அல்லவா, பைத்தானுக்குள்ளேயே அதற்கு எடுத்துக்காட்டு இருக்கிறது. பைத்தானை நிறுவினால் கூடவே ஐடில் என்று ஓர் எடிட்டர் வரும். தொடக்கநிலைப் புத்தகங்கள் பலவும் அதைத் திறக்கச் சொல்லும். திறந்தால் உங்கள் கணினி ஊமையாகிவிடும். ஐடில் கட்டப்பட்டிருப்பது டிகின்டர் என்ற சாளர நிரலகத்தில் (சாளரங்கள் செய்ய முன்பே எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பில்), அதன் பெட்டிகளில் இருப்பது திரைவாசிப்பானுக்கு எட்டுவதில்லை. "எனக்குப் பைத்தான் வராது" என்று பலர் விட்டுவிட்டுப் போனது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். மொழி அங்கே ஒரு பாவமும் செய்யவில்லை. பொத்தானும் பெட்டியும் உள்ள நிரல் எழுத ஆசை வந்தால் டபிள்யூஎக்ஸ்பைத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். அது இயங்குதளத்தின் சொந்தப் பொத்தான்களையே பயன்படுத்துவதால் பேசும். என்விடிஏவின் சாளரங்களே அதில் எழுதப்பட்டவை.

ஜாவாவிலும் இதே கதைதான். ஸ்விங் நிரலகத்தில் செய்த சாளரங்கள் விண்டோஸில் பேச வேண்டுமானால் ஜாவா ஆக்சஸ் பிரிட்ஜ் என்ற பாலத்தை இயக்கிவைக்க வேண்டும். எக்லிப்ஸ் எடிட்டர் இயங்குதளத்தின் சொந்தப் பொத்தான்களைக் கொண்டு கட்டப்பட்டதால் ஆரம்பத்திலிருந்தே நமக்கு ஓரளவு நல்லதாக இருந்துவந்திருக்கிறது. உங்கள் கல்லூரியோ வேலையோ ஜாவாவைக் கேட்டால் தயங்காமல் படியுங்கள். விண்டோஸ் நிரல்கள் எழுதுவதுதான் குறி என்றால் சி ஷார்ப் பைத்தானுக்குச் சமமான தேர்வு, விஷுவல் ஸ்டுடியோவின் டீபக்கர் (பிழை தேடும் கருவி) விசைப்பலகைக்கு நன்றாகக் கட்டுப்படும். கோ மொழியில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. அதோடு வரும் ஒழுங்குபடுத்தும் கருவி உள்தள்ளலுக்கு டேப்பையே போடுகிறது, ஆகவே ஒரு படிக்கு ஒரே ஓர் எழுத்து. பிரெய்லில் படிப்பவருக்கு அது பெரிய சேமிப்பு.

பார்வையற்ற மாணவர்களை மனத்தில் வைத்தே உருவான மொழி ஒன்றும் உண்டு, பெயர் குவோரம். ஆண்ட்ரியாஸ் ஸ்டெஃபிக் உருவாக்கியது. ஒரு சொல்லை மொழியில் வைக்குமுன் அது கற்பவருக்குப் புரிகிறதா என்று சோதித்துப் பார்த்து வைப்பது அவர் வழி. அவரும் சூசன்னா சீபர்ட்டும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் புதியவர்களிடம் பல மொழிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஜாவா, பெர்ல் இரண்டின் எழுத்துமுறையும், மனம்போன போக்கில் சொற்களைப் பொறுக்கி வைத்த ஒரு போலி மொழியைவிடக் குறிப்பிடும்படி மேலாக இல்லை. பைத்தான், ரூபி, குவோரம் மூன்றும் மேலாக இருந்தன. அதனால் தொடக்கத்தில் ஜாவா குழப்பினால் உங்கள் மூளையைக் குறை சொல்லாதீர்கள். பள்ளிப் பிள்ளை ஒருவர் கேட்டிருந்தால் குவோரத்தைச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு வேலையும் வேண்டும், பைத்தானில் நூல்களும் நிரலகங்களும் உதவும் மனிதர்களும் அதிகம்.

அந்தப் பயிற்சி வகுப்புக்கு வருகிறேன். "இழுத்துப் போட முடியாதே" என்றவர்கள் தங்கள் பாடத்தின் குறையை உங்கள் குறையாக மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். கட்டம் கட்டமாக இழுத்துப் பொருத்தும் பாடங்கள் பல நமக்கு எட்டாதவைதான். ஆனால் ஒரு பொத்தானை மவுஸால் இழுத்து வைத்தால் பின்னால் உண்டாவதும் சில வரி நிரல்தான். அந்த வரிகளை நேரே எழுத உங்களால் முடியும். அடுத்த வகுப்பில் விசாரிக்கும்போது "எனக்குக் கற்றுத்தர முடியுமா" என்று கேட்காதீர்கள். "விசைப்பலகையை மட்டும் வைத்து இந்தப் பாடத்தை முடிக்க முடியுமா" என்று கேளுங்கள். ஆசிரியர் திரையைக் காட்டி "இதோ, இந்த இடத்தில்" என்றால், வரி எண்ணைக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் கேளுங்கள். நான் இன்றும் கூட்டங்களில் கேட்கிறேன். என் குழுவில் இப்போது எல்லோரும் எண்ணைச் சொல்லித்தான் பேசுகிறார்கள்.

சிரமமான இடங்களும் உண்டு. இணையப் பக்கத்தின் தோற்றத்தைச் சரிபார்க்க, வண்ணம் பொருந்துகிறதா, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறதா என்று சொல்ல ஒரு கண் வேண்டியிருக்கிறது. வரைபடங்கள் படமாக வருவதால் பேசுவதில்லை, அவற்றின் பின்னாலிருக்கும் எண்களை அட்டவணையாக எடுத்துக் கேட்க வேண்டும். தரவுத்தளம், சேவையகத்தின் பின்புல நிரல், தானியங்கிச் சோதனைகள், கட்டளைவரிக் கருவிகள் ஆகியவை எழுத்துக்குள்ளேயே முடிகிற வேலைகள். நான் தரவுத்தளப் பக்கம் போனது முதலில் இந்தக் காரணத்துக்காகத்தான், பிறகு அந்த வேலையே பிடித்துப்போய்விட்டது.

இனி எந்த மொழி, எந்தக் கருவி பற்றி யார் என்ன சொன்னாலும், ஒரு மணி நேரம் ஒதுக்கி நீங்களே சோதித்துப் பாருங்கள். பத்து வரி எழுதி ஓட்டுங்கள். விடை உங்கள் காதுக்கு வருகிறதா? வேண்டுமென்றே ஒரு பிழை வையுங்கள். செய்தி வருகிறதா, அந்த வரிக்குப் போக முடிகிறதா? நடுவில் நிரலை நிறுத்தி, ஒரு மாறியின் (மதிப்பை ஏந்தும் பெயரின்) மதிப்பு என்னவென்று கேட்க முடிகிறதா? அந்த மொழியின் விளக்கக் கையேடு தலைப்புத் தலைப்பாகத் தாவும்படி எழுதப்பட்டிருக்கிறதா, வெறும் படங்களா? இவை நான்கும் நடந்தால் அது உங்களுக்கு ஏற்ற மொழி. பிழைச்செய்தி மட்டும் வரவில்லை என்றால் எடிட்டரை மாற்றிப் பாருங்கள், மொழியை விட்டுவிடாதீர்கள்.

இன்று இரவே தொடங்கலாம். என்விடிஏவில் உள்தள்ளலுக்கு ஒலியை வையுங்கள். ஐந்து எண்களைக் கூட்டும் அதே ஃபங்ஷனை எழுதுங்கள். முதலில் "ரிட்டர்ன்" வரியை நான் வைத்த தவறான இடத்தில் வைத்து, மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக அம்புவிசையால் இறங்கிக் கேளுங்கள். பிறகு ஷிஃப்டும் டேபும் அழுத்தி அந்த வரியை ஒரு படி வெளியே இழுத்து, மறுபடி கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா